மல்லிக்கு வந்த சம்பந்தம்

எங்கள் நாய் மல்லிக்கு இது முதல் ஹீட், இணை தேடும் பருவம். ஒரு வாரமாகச் சோற்றைத் தொடாமல் கேட் ஓரம் நின்று முனகுகிறாள். வெளியே எஸ்டேட்டின் ஆண் நாய்கள் நான்கும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

இன்று காலை ஐந்தாவதாக அடுத்த வீட்டு மாணிக்கம் அங்கிள் வந்தார். மம்பா ஊரில் இருக்கும் தன் மச்சானின் நாய்க்குச் சம்பந்தம் பேச வந்திருக்கிறார். போனில் படம் காட்டினார்.

"பாரும்மா, நல்ல ஜாதி லா. சாதுவான பையன்."

"இவளுக்கு ஆபரேஷன் பண்ணப் போறேன் அங்கிள்."

"ஐயோ, பாவம்! ஒரு தடவயாச்சும் தாயாகட்டும். அதுதான் ஒடம்புக்கு நல்லது."

காபியோடு வந்த அம்மா, "அதத்தான் நானும் சொல்றேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார்.

அப்படியெல்லாம் இல்லை என்று கிளினிக்கில் சொன்னதைச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. சரி, குட்டிகளில் எத்தனை எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன்.

"நமக்கு ரெண்டு. ஆனா கடுவன் குட்டிதான் வேணும்."

"பொட்டக் குட்டிங்க?"

"கோயில் பக்கம் விட்டா யாராச்சும் தூக்கிட்டுப் போவாங்க லா."

போன வருடம் கோயில் வாசலில் ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து மல்லியை எடுத்து வந்தது அம்மாதான். பெட்டியில் இன்னும் மூன்று இருந்தன, எல்லாம் பெண். மறுநாள் அம்மா போய்ப் பார்த்தபோது ஒன்றுகூட உயிரோடு இல்லை.

அம்மா என் பக்கம் திரும்பினார். "ஆபரேஷன் எப்ப?"

"ஹீட் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு."

"அதுவரைக்கும் கேட்ட நல்லா பூட்டி வை."

அங்கிள் காபியைத் தொடாமல் எழுந்து போனார்.

மாப்பிள்ளை வீட்டாரை நோகாமல் திருப்பி அனுப்பும் வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மல்லி தப்பித்துவிட்டாள். எனக்காக அம்மாவின் போனில் இன்னும் மூன்று மாப்பிள்ளைப் படங்கள் இருக்கின்றன.