கொள்ளு போன வழி

மூணு வாரம் முன்னாடி எங்க தெருவுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. பேரூராட்சி ஆளு வீட்டுக்கு ஒண்ணாக் குடுத்துட்டுப் போனார்.

நான் மூணாவதோட நின்னவ. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் ஒரு காகிதத்தைத் தூக்கிக்கிட்டு, "இதுல என்ன போட்டிருக்குது"ன்னு யார் வாசலிலும் போய் நின்னதில்லை. கண்ணாடியை மாட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். ரெண்டு காபி குடிச்சு முடிக்கிற நேரம் ஆச்சு. படிச்சு முடிச்சேன்.

விஷயம் இதுதான். எங்க தெருவில் இருக்கிற மழைத்தண்ணிக் கால்வாயை ஆழமாத் தோண்டி, ரெண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் கட்டித் தருவாங்களாம். அது அவங்க செலவு. ஆனா வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி அதைத் தூர் வார்ற செலவு தெரு ஜனங்களோடது. அதுக்கு ஒரு கட்டணம். எந்த வீட்டுக்கு எவ்வளவுங்கிறதைத் தெருவே கூடிப் பேசி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் தரணும். பதினஞ்சு நாளைக்குள்ள தராவிட்டா வேலை அடுத்த தெருவுக்குப் போயிடும்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. குழாயில் வர்ற தண்ணிக்குக் காசு கட்டறோம், சரி. குடிக்கிறோம், குளிக்கிறோம். வேணாம்னு வெளியே தள்ற தண்ணிக்குமா காசு?

உங்களுக்கும் அப்படித்தானே தோணுது? இருங்க... சொல்றேன்.

எங்க தெரு மேட்டில் ஆரம்பிச்சு இறக்கத்தில் முடியும். மேட்டில் தக்காளி மண்டிக்காரரோட தகர ஷெட். பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போற பிளாஸ்டிக் கிரேடெல்லாம் அங்கேதான் அடுக்கி வெச்சிருப்பார். அதுக்கு அடுத்து என் மாடி வீடு. இறக்கத்தில் கடைசி வீடு ருக்குவோடது.

ருக்குவுக்கு ஐம்பது வயசு இருக்கும். வீட்டுக்காரர் இல்லை. ரெண்டு கிரைண்டர் போட்டுத் தெருவுக்கே இட்லி மாவு அரைச்சுக் குடுக்கிறா. வீட்டுக்குள்ள கன்னடம், வெளியே தமிழ். கோபம் வந்தா ரெண்டும் சேர்ந்து வரும். இந்த மழைக் காலத்தில் மட்டும் மூணு தடவை அவ வீட்டுக்குள்ள தண்ணி புகுந்தது. மூணாவது தடவை ஒரு கிரைண்டரோட மோட்டார் போச்சு. அதோட அவ முடிவுக்கு வந்துட்டா. இந்த வேலை நடக்கலைன்னா வீட்டை வந்த விலைக்குத் தள்ளிட்டு, ஓசூரில் இருக்கிற அக்கா வீட்டோட போயிடறதுன்னு. புரோக்கர் ரெண்டு தடவை வந்து பார்த்துட்டும் போயிட்டான். தண்ணி புகுற வீடுன்னு பாதி விலைக்குக் கேட்டானாம்.

இனி என் வாசலைப் பத்திச் சொல்லணும். நான் சொல்லச் சொல்ல எழுதி வர்ற இந்தப் பத்திரிகைப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவங்களுக்கு அது தெரியும். அத்தனை பெருமை பேசியிருக்கேன். ரெண்டு வருஷத்துப் புளிக் குத்தகைப் பணத்தில், கேட்டிலிருந்து படி வரைக்கும் ஒரே சிமெண்டு. கொத்தனார் அப்பவே சொன்னார், சுவர் ஓரமா நாலு அடி மண்ணு விட்டுடலாம்மா, செடி வெச்சுக்கலாம்னு. நான் விடலை. மண்ணுன்னா சேறு. சேறுன்னா வழுக்கும். ஒரு சொட்டுத் தண்ணி நிக்கக் கூடாது, தெருவைப் பார்த்து நல்லா வாட்டம் குடுங்கன்னு பக்கத்திலேயே நின்னு வேலை வாங்கினேன். குடுத்தார். மாடித் தண்ணியும் குழாய் வழியா அந்த வாசலுக்குத்தான் இறங்கும். எவ்வளவு பெரிய மழை பெய்யட்டும், நின்ன அஞ்சாவது நிமிஷம் என் வாசல் துடைச்சு விட்ட மாதிரி இருக்கும்.

அந்தத் தண்ணி எங்கே போகுதுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வெளியே போச்சா... போச்சு. அவ்வளவுதான்.

கூட்டம் அங்கன்வாடியில் நடந்தது. வார்டு மெம்பர் நோட்டீசைப் படிச்சுச் சொன்னார். வயசில் மூத்தவங்கிறதால முதலில் என்னைப் பேசச் சொன்னாங்க. நான் எழுந்து, வீட்டுக்கு வீடு ஒரே தொகை, பேதம் வேண்டாம், பெரியவன் சின்னவன்னு பார்த்தா தெருவில் ஒத்துமை இருக்காதுன்னேன். நல்லாத்தான் பேசினேன். நாலு பேர் தலையாட்டினாங்க. மண்டிக்காரர் எல்லாருக்கும் முன்னாடி ஆட்டினார். அப்பவாவது நான் யோசிச்சிருக்கணும்.

பேனாவை எடுக்கிற நேரத்தில், பின்னாடி நின்ன ருக்கு முன்னே வந்தா.

"பெரிம்மா, ஒண்ணு கேக்கலாங்களா?"

கேளுன்னேன்.

"உங்க ஊரு ஏரி வாய்க்கால்ல வூட்டுக்கு வூடு ஒரே அளவாத்தான் வெட்டுனாங்களா?"

எனக்குச் சுருக்குன்னது. ஏன்னா, அந்தக் கதையை அவளுக்குச் சொன்னதே நான்தான். மாவு அரைபடற நேரத்தில் அவ வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. மொரப்பூர் பக்கம் எங்க வீட்டுக்காரர் ஊர். ஏரிப் பாசனம். மழைக்கு முன்னாடி வாய்க்கால் தூர் வார்றப்ப, யாருக்கு எவ்வளவு நிலம் பாயுதோ அவங்க அவ்வளவு தூரம் வெட்டணும். கோல் வெச்சு அளந்து விடுவாங்க. எங்களுக்குத்தான் நிலம் அதிகம். மதகிலிருந்து புளியமரம் வரைக்கும் எங்க பங்கு. ஊரிலேயே நீளமான பங்கு. இதைச் சொல்றப்ப எனக்கு முதுகு தானா நிமிரும்.

ருக்கு அதையே எடுத்து என் முன்னாடி வெச்சா.

"அங்க தண்ணி எடுத்த அளவுக்கு வெட்டுனீங்க. இங்க தண்ணி தள்ற அளவுக்குக் குடுங்கன்னு கேக்கறேன். என் ஓட்டுக் கூரை எத்தனை அகலம், உங்க மாடி எத்தனை அகலம்? அதே ஞாயந்தானுங்களே."

நியாயம்தான். ஆனா அத்தனை பேர் நடுவில் என் கதையாலேயே என்னை மடக்கினா எனக்கு எப்படி இருக்கும்? அது வயக்காடு, இது டவுன்னு சொன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை.

"நீ மாவு அரைக்கிற வேலையைப் பாரு."

"கிரைண்டர் ஓடுனா பாப்பேன் பெரிம்மா."

யாரோ சிரிச்சாங்க. நான் எழுந்து வந்துட்டேன். நான் வந்ததும் மண்டிக்காரரும் கிளம்பிட்டார். கூட்டம் கலைஞ்சு போச்சு. கையெழுத்தும் இல்லை, முடிவும் இல்லை.

அடுத்த நாலு நாள் நான் கடையில் பாக்கெட் மாவு வாங்கினேன். அந்த இட்லியைச் சுவரில் எறிஞ்சா திரும்பி வரும். பரவாயில்லைன்னு மென்னேன். பிடிவாதத்துக்கு ருசி தேவையில்லையே.

அஞ்சாம் நாள்தான் அது நடந்தது.

டப்பாவில் இருந்த கொள்ளில் வண்டு விழுந்திருந்தது. ரெண்டு படி இருக்கும். காலையில் நல்ல வெயில். வாசலில் பரப்பிக் காயப் போட்டேன். மத்தியானம் சாப்பிட்டுட்டுச் சித்த நேரம் சாய்ந்தேன். மூணு மணி வாக்கில் சடசடன்னு சத்தம். முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து வெளியே வர்றதுக்குள்ள மழை வெளுத்து வாங்குது. வாசலில் ஒரு கொள்ளு இல்லை. மாடிக் குழாய்த் தண்ணி மேலேயிருந்து கொட்டி, மொத்தத்தையும் வாரிக்கிட்டுப் போயிடுச்சு. என் வாசல் அன்னைக்கு அதோட வேலையைச் சரியாச் செஞ்சது.

ரெண்டு படி கொள்ளை விட்டுட முடியுமா? குடையை எடுத்துக்கிட்டு இறங்கிட்டேன்.

எங்கேயாவது தேங்கிக் கிடக்கும், அள்ளிக்கலாம்னு நினைச்சேன். எங்கே தேங்கும்? எனக்கு அடுத்த வீடும் சிமெண்டு. அதுக்கு அடுத்தது டைல்ஸ். ரிட்டையர்டு வாத்தியார் வீட்டில் மட்டும் மண் வாசல், அங்கிருந்து வெளியே வந்தது கால் நனையற அளவுகூட இல்லை. கால்வாயில் மண்ணும் பிளாஸ்டிக் கவரும் அழுகின தக்காளியும் அடைச்சுக் கிடக்க, தண்ணி எல்லாம் ரோட்டு மேலே ஓடுது. மேட்டில் சலசலன்னு ஓடினது, பாதித் தெருவில் கணுக்காலுக்கு வந்தது. இறக்கத்தில் என் புடவைக் கரை மிதந்தது. இத்தனை வருஷம் இந்தத் தெருவில் இருக்கேன். மழையில் அந்தக் கோடிக்குப் போனது அன்னைக்குத்தான் முதல் தடவை.

கொள்ளு ருக்கு வாசலில் இருந்தது. மொத்தமும். அவ போட்டிருந்த மணல் மூட்டை ஓரமாக் குவிஞ்சு கிடந்தது.

வீட்டுக்குள்ள முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணி. நல்லா இருந்த ஒரே கிரைண்டரை ரெண்டு பெஞ்சு மேலே ஏத்தி வெச்சிருந்தா. எப்படித் தனியாத் தூக்கினாளோ தெரியலை. புடவையை ஏத்திச் செருகிக்கிட்டு, பக்கெட்டால் மொண்டு பின்பக்கமாக் கொட்டிக்கிட்டிருந்தா. என்னைப் பார்த்தா. பக்கெட்டை வெச்சுட்டு, ஒரு முறத்தை எடுத்து அந்தக் கொள்ளை அள்ளி என் கையில் குடுத்தா.

"இத்தனை நாளா வெறும் தண்ணியா வரும், பெரிம்மா. இன்னைக்கு விலாசத்தோட வந்திருக்குது."

அவ குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தா நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிட்டுத் திரும்பியிருப்பேன்.

மன்னிப்புக் கேக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. முறத்தைப் பரண் மேலே வெச்சேன். ஒரு சொம்பு கிடைச்சது. குனிஞ்சு நானும் மொண்டு ஊத்த ஆரம்பிச்சேன். மழை விட்ட பிறகு கணக்குப் பார்த்தா, நான் மொண்டது ஒண்ணுமே இல்லை. ஆனா என் வாசல் தண்ணியை என் கையால் மொள்றப்பதான் அதோட கனம் தெரிஞ்சது.

நம்ம விசித்திரத்தைப் பாருங்க. தண்ணி வர்றப்ப என்னுது, உன்னுதுன்னு குழாயடியில் குடத்தை வெச்சுச் சண்டை போடறோம். அதே தண்ணி வெளியே போறப்ப இது யாருதுன்னு கேளுங்க. ஒருத்தர் வாய் திறக்க மாட்டோம்.

கெடு முடியறதுக்கு மூணு நாள் இருந்தது. நானே போய் மெம்பர்கிட்ட மறுபடி கூட்டம் போடச் சொன்னேன். அதே அங்கன்வாடி. அதே ஆளுங்க. நான் எழுந்து, போன தடவை நான் சொன்னது தப்பு, என் வீட்டை முதலில் அளங்கன்னேன். அதுக்கு மேல பேசலை. தப்புன்னு சொன்னதே என் வரைக்கும் பெரிய பேச்சு.

பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். கூரையும் சிமெண்டுத் தரையும் எவ்வளவோ, கட்டணப் பங்கும் அவ்வளவு. மண் வாசல் கணக்கில் வராது. மாடித் தண்ணியைத் தோட்டத்தில் குழி எடுத்து உள்ளேயே இறக்கினா பங்கில் குறைச்சுக்கலாம். ருக்குவுக்கு வேண்டாம், அவ பட்டது போதும்னு ஒருத்தர் சொன்னார். அவ ஒத்துக்கலை. "எனக்கும் கூரை இருக்குதுங்க, எழுதுங்க"ன்னுட்டா.

மண்டிக்காரர்தான் முரண்டு பிடிச்சார். மழை வானத்துலேர்ந்து வருது, நானா பெய்ய வெச்சேன்னு கேட்டார்.

"மழை உங்களுது இல்லீங்க. தகரம் உங்களுது" என்றேன்.

அவர் முகம் போன போக்கு சரியில்லை. ஆனா, முறத்தில் இருந்த கொள்ளோட கதை அதுக்குள்ள தெரு பூரா பரவியிருந்தது. அடுத்து தன் ஷெட்டுத் தக்காளியும் விலாசத்தோட எங்கேயாவது போய் நிக்குமோன்னு நினைச்சாரோ என்னவோ... வெளி ஆளு வந்து அளந்தா போடறேன்னார். மறுநாள் ஒரு ஆளு டேப்போட வந்தார். மண்டிக்காரர் முணுமுணுத்துக்கிட்டே கையெழுத்துப் போட்டார். இப்பவும் முணுமுணுக்கிறார். போட்டது போட்டதுதானே?

அளந்து பார்த்ததில் பங்கில் அவர் முதல், நான் ரெண்டாவது. உண்மையைச் சொல்லணும்னா, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மதகிலிருந்து புளியமரம் வரைக்கும் வெட்டின குடும்பம் இல்லையா?

கான்கிரீட் வேலை தை மாசம்தான் ஆரம்பிப்பாங்களாம். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாதுன்னு, முதல் வருஷக் கட்டணத்தை இப்பவே போட்டுப் பழைய கால்வாயை ஆள் விட்டு வாரிட்டோம். எடுத்துப் போட்ட மண்ணு ரெண்டு டிராக்டர்.

நான் கொத்தனாரையும் கூப்பிட்டேன். அதே கொத்தனார்தான். வாயைத் திறந்தா கூலி கிடையாதுன்னு சொல்லித்தான் கூப்பிட்டேன். பாதி வாசலைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்து மண்ணாக்கினார். மாடிக் குழாய்க்குக் கீழே ஆழமா ஒரு குழி எடுத்து ஜல்லி கொட்டினார். அவர் வாயைத் திறக்கலை. ஆனா அன்னைக்கு நாலடி மண்ணு விடலாம்னு சொன்ன இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் கடப்பாரையை ஊன்றிக்கிட்டு நின்னார். நான் வேற பக்கம் பார்த்துக்கிட்டேன்.

முந்தாநாள் மறுபடி அதே மாதிரி மழை. சாயங்காலம் பாத்திரத்தை எடுத்துக்கிட்டு மாவுக்குப் போனேன். தண்ணி ருக்குவோட முதல் படி வரைக்கும் வந்து நின்ன தடம் தெரிஞ்சது. உள்ளே தரை காய்ஞ்சிருந்தது. கிரைண்டர் தரையில் ஓடிக்கிட்டிருந்தது. புரோக்கர் போன் பண்ணினானாம், இனி கூப்பிடாதேன்னு சொல்லிட்டாளாம்.

மாவை ஊத்திக்கிட்டே கேட்டா, "என்ன பெரிம்மா, இந்த மழைக்கு ஒண்ணும் அனுப்பலீங்களா?"

கொள்ளு தீர்ந்து போச்சுடின்னேன்.

வாசலை உடைச்சு, குழி எடுத்த பிறகு திரும்ப அளந்தாங்க. தெருக் கட்டணத்தில் நான் இப்ப ஏழாவது இடம். இவ்வளவு கீழே இருந்து எனக்குப் பழக்கமில்லை... பழகிக்கறேன்.