எம்.டி.க்கு ஆயுத பூஜை

ஸ்ரீபெரும்புதூர் ராஜாமணி, பம்பு கம்பெனியில் கணக்கராகச் சேர்ந்து தலை நரைப்பதற்குள் மேனேஜிங் டைரக்டர் ஆனார். கெட்டிக்காரர்தான், ஆனால் பதவி அதற்காக வரவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே தங்கள் பங்கைக் குறைக்க வேண்டும் என்று எழுபதுகளில் சட்டம் வந்தது. லண்டன் தலைமையகம் கொஞ்சம் பங்கை விற்றது. கூடவே, பார்ப்பதற்கு லட்சணமாக இருக்கட்டும் என்று எம்.டி. நாற்காலியிலிருந்த வெள்ளைக்காரத் துரையை எழுப்பிவிட்டு ராஜாமணியை உட்கார வைத்தது. துரை ஊருக்குப் போகவில்லை. அடுத்த அறையில் ‘ஆலோசகர்’ என்று பலகை மாட்டிக்கொண்டார்.

துரை எம்.டி.யாக இருந்தவரை ஆயுத பூஜைக்கு லண்டனில் யாரையும் கேட்டதில்லை. மிஷினை நிறுத்தி, சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைப்பார்கள். துரை பொரிகடலை தின்றுவிட்டுப் போவார். நம்மவர் எம்.டி. ஆனதும் லண்டனிலிருந்து புது விதி வந்தது: மிஷினை நிறுத்த முன் அனுமதி வேண்டும். அவ்வளவு நம்பிக்கை!

“இந்த வருசம் பூஜை உண்டா சார்?” என்று தொழிற்சங்கத் தலைவர் எல்லப்பன் எல்லோர் முன்பும் கேட்டார்.

“நான் எம்.டி. சொல்றேன் எல்லப்பன், மிஷின் நிக்கும்.”

வாக்கைக் கொடுத்துவிட்டு, பூசணிக்காய் உடைக்க மிஷினை நிறுத்த வேண்டும் என்று லண்டனுக்கு டெலக்ஸ் அடித்தார். ‘பூசணிக்காய் எந்த மிஷினின் உதிரிபாகம்?’ என்று பதில் வந்தது. விளக்கினார். ‘உடைக்கலாம். மிஷின் ஓடும்போதே உடைக்கவும்.’

ராஜாமணி அடுத்த அறைக்கு ஓடினார். ஆலோசகர் பத்திரிகையை இறக்கவில்லை. “முடிவு உங்களுடையது. நிறுத்த வேண்டாம் என்பது என் ஆலோசனை.”

பூஜையன்று காலை, சந்தனக் கிண்ணத்தோடு எல்லப்பன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு எம்.டி. அறைக்குள் நுழைந்தார்.

“இன்னா சார், மிஷினு ஓடிக்கினே கீது?”

“மேலேர்ந்து உத்தரவுப்பா...”

“அப்போ நீ சொன்னது இன்னா சார், கீழேர்ந்தா?”

“அவர ஏம்பா வறுக்கிற? அவரு இன்னா பண்ணுவாரு, பாவம்” என்றாள் கேன்டீன் கங்கம்மாள். திட்டியிருந்தால்கூட ராஜாமணி தாங்கியிருப்பார்.

“சரி வுடு. ஓடற மிஷினாண்ட போனா கை பூடும். லண்டன்காரன் வாங்கிப் போட்டதுல ஓடாம நிக்கிறது இது ஒண்ணுதான்” என்று சொல்லி, எல்லப்பன் எம்.டி.யின் நெற்றியில் பட்டையாகச் சந்தனம் இழுத்துக் குங்குமம் வைத்தார். ராஜாமணி நகரவில்லை. கங்கம்மாள் பூசணிக்காயால் அவரை மூன்று முறை சுற்றி, “கண்ணு படாம நல்லா உழைக்கணும்” என்று வாசலில் போட்டு உடைத்தாள்.

சாயங்காலம் லண்டனுக்கு அறிக்கை போக வேண்டும். ‘நிறுத்தப்பட்ட மிஷின்கள்: இல்லை.’ கையெழுத்துப் போடக் குனிந்தபோது காய்ந்த சந்தனம் காகிதத்தில் உதிர்ந்தது. ராஜாமணி ஊதித் தள்ளிவிட்டு, ஆலோசகர் பார்வைக்கு அனுப்பினார்.