பெட்டியில் ஒட்டிய பாஸ்

டொரொன்டோவிலிருந்து பெரியம்மாவும் அவர் மகனும் லண்டன் ஸ்ட்ரெதமில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. நான் அண்ணா என்று கூப்பிடும் அந்த மகனுக்குப் பத்து. கனடாவிலிருந்து யார் வந்தாலும் முதலில் பறிபோவது என் கட்டில்தான். அது எங்கள் வீட்டுச் சட்டம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவன் பெட்டியில் ஒட்டியிருந்த பாஸைத்தான் பொறுக்க முடியவில்லை.

பனிமேல் ஓடும் ஸ்னோமொபைலோடு பெரியப்பா அவனை எல்லை தாண்டி அமெரிக்காவுக்குக் கூட்டிப்போவாராம். அங்குள்ள காட்டுப் பாதைகளில் வெளியூர்க்காரர் ஓடுவதென்றால் குறுகிய காலப் பாஸ் வாங்கி வண்டியில் ஒட்ட வேண்டும். பயணம் முடிந்ததும் அதை உரித்துத் தன் பெட்டியில் ஒட்டிக்கொள்வானாம். எனக்கோ, அப்பாவின் கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டுவதுதான் பனி விளையாட்டு.

"எத்தினை நாள் பாஸ்?"

"மூண்டு நாள். வருசத்துக்கு ஒருக்கா."

"கூட எடுக்க ஏலாதோ?"

"அப்பாவுக்கு அவ்வளவுதான் ஏலுமாம்."

எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பெரியப்பா வேறு நகரத்தில் தனியாக இருந்தார். வேலை விஷயம் என்று சொல்லியிருந்தார்கள். பெரியம்மா அவரைப் பற்றிப் பேச்சே எடுக்காததை நான் கவனிக்கவில்லை.

அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது கதவைத் திறப்பது என் உரிமை. இரண்டாம் நாளே அவன் முந்திக்கொண்டான். அப்பாவின் சாப்பாட்டுப் பையை வாங்கினான், சோபாவில் அவரை ஒட்டி உட்கார்ந்தான், அவர் பார்த்த அலுப்புச் செய்திகளை வாய் பிளந்து பார்த்தான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறான் என்று அம்மாவிடம் முறையிட்டேன்.

"வந்த பிள்ளையெல்லே, விடு" என்றார் அம்மா.

திரும்பிப் போகும் நாளில், விமான நிலைய வரிசையில் நின்று பெரியம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணா அப்பாவின் கையை விடவில்லை.

"சித்தப்பா, நான் இன்னும் கொஞ்ச நாள் இங்க நிக்க ஏலாதோ?"

பனியும் இவனுக்கு, அமெரிக்காவும் இவனுக்கு, இனி என் அப்பாவும் வேண்டுமாம்! மற்றக் கையைப் பிடித்து என் பலமெல்லாம் சேர்த்து இழுத்தேன். வேறு நாளென்றால் அப்பா அதட்டியிருப்பார். அன்று அவர் குனிந்து, அவன் பிடித்திருந்த கையாலேயே அவனுடைய ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடினார். வெகுநேரம் அப்படியே குனிந்து நின்றார். உள்ளே குளிரவே இல்லையே, இதென்ன வேண்டாத வேலை என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.