மாப்பிள்ளையும் வேப்பெண்ணெயும்

பர்மாவில் கியாக்தான் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னப் பண்ணை இருக்கிறது. ஆற்று நடுவில் இருக்கும் பகோடாவைக் கும்பிட்டுத் திரும்புகிறவர்கள் குழந்தைகளோடு எங்கள் வாசலில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். முயலும் வாத்தும் இருந்தவரை எங்களை யாரும் சட்டை செய்யவில்லை. அல்பாக்கா ஜோடி வந்த பிறகுதான் மதிப்பு வந்தது. நீண்ட கழுத்து, உடம்பெல்லாம் கம்பளி ரோமம், எப்போதும் நம்மைக் குறை சொல்வது மாதிரி ஒரு முகம். தாகேதாவில் இருக்கும் என் நாத்தனார் மட்டும் அதை ஒட்டகம் என்றே சொல்வார். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது.

ஆண் எங்களுடையது. வந்த அன்றே அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டோம். வேலை செய்யாமல் சாப்பிடுவதில் அப்படி ஒரு பொருத்தம். பெண், ஷான் மலையில் பண்ணை வைத்திருக்கும் ஒரு பர்மியப் பெரியவர் கொடுத்தது. வெயில் காலத்துக்குள் சினையானால் அவள் எங்களிடமே இருக்கலாம், முதல் குட்டி அவருக்கு. ஆகாவிட்டால் திருப்பி அழைத்துக்கொண்டு போய்விடுவார். இதுதான் பேச்சு.

அவள் யாரையும் அண்டவிடமாட்டாள். என் தோளில் மட்டும் தாடையை வைத்துக்கொண்டு நிற்பாள். கரண்ட் போய் மின்விசிறி நின்றால் என்னைத்தான் முறைப்பாள், நான்தான் அவள் வயிற்றிலும் காலிலும் தண்ணீர் அடிக்க வேண்டும். அவளை எப்படித் திருப்பி அனுப்புவது?

அல்பாக்கா சினையா இல்லையா என்று பார்ப்பது சுலபம். ஆணைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பெண் காலை மடித்து உட்கார்ந்தால் வயிற்றில் ஒன்றுமில்லை. காதைப் பின்னால் மடக்கி, அசைபோட்ட புல்லைப் பச்சையாக அவன் மூஞ்சியில் துப்பினால் குட்டி தங்கிவிட்டது.

இரண்டையும் சேர்த்துவிட்டுச் சில வாரம் கழித்து என் வீட்டுக்காரர் பார்த்தார். கொசு கடிக்கிறதே என்று மாப்பிள்ளைக்குத் தலையிலிருந்து கால்வரை வேப்பெண்ணெய் தடவி அழைத்துப் போனார். கிட்டே போவதற்குள் துப்பிவிட்டாள். பாதி மாப்பிள்ளை மேல், பாதி இவர் மேல். முகத்தைக்கூடத் துடைக்காமல் அக்காவுக்குப் போன் போட்டார்.

"தலச்சன் சூலுடா தம்பி, சும்மா வுடலாமா? வளகாப்பு போட்டுருவோம்" என்றார் நாத்தனார்.

சொன்னபடியே ஐந்து வகைச் சாதமும் கண்ணாடி வளையலுமாக வந்து இறங்கினார். முழங்கால் வலியோடு பஸ்ஸில் வந்த அந்த மனுஷியிடம் வேண்டாம் என்று யார் சொல்வது? கையில்லாத கர்ப்பிணிக்கு வளையலைச் சிவப்பு ரிப்பனில் கோத்துக் கழுத்தில் கட்டுவது என்று முடிவாயிற்று. சந்தனத்தை மறந்துவிட்டோம். பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மா தான் பூசிக்கொள்ளும் தனாக்கா மரப்பட்டைச் சாந்தை அவள் கன்னத்தில் பூசிவிட்டார். என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு அதுவரை சாதுவாக நின்றாள்.

நாத்தனார் ரிப்பனோடு கிட்டே போனார். ரிப்பனைக் கட்டி முடிக்கவும், பட்டுப்புடவை முழுவதும் பச்சையாகவும் சரியாக இருந்தது.

"ஒட்டகத்துக்கு என்னா திமிரு!" என்று கத்தினார்.

துடைத்துவிடக் குனிந்தேன். முழங்காலிலிருந்து வேப்பெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. வலிக்குத் தடவிக்கொண்டு வந்திருக்கிறார். அன்றைக்கு மாப்பிள்ளை மேலும் இதே வாடைதான். ஓடிப்போய் மாப்பிள்ளையைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி அழைத்து வந்தோம். வளையல் குலுங்க, மரியாதையாகக் காலை மடித்து உட்கார்ந்தாள்.

வயிற்றில் ஒன்றுமில்லை. அவளுக்கு வேப்பெண்ணெய்தான் பிடிக்கவில்லை.

விருந்தாளிகள் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை. புளிச்சாதம் நன்றாக இருந்தது. மாப்பிள்ளையை அவளோடு விட்டுவிட்டு நாங்களும் போய்ச் சாப்பிட்டோம்.

வெயில் ஏற ஆரம்பித்ததும் பெரியவர் லாரியோடு வந்துவிட்டார். நாத்தனாரும் அன்றைக்கு வந்திருந்தார், ஒட்டகத்தை வழியனுப்ப. லாரியின் பின்கதவு திறந்தாயிற்று.

"சயா, ஒரே ஒரு தடவ பாத்துட்டு கொண்டு போங்க" என்று பெரியவரிடம் கெஞ்சினேன். சரி என்றார்.

மாப்பிள்ளையின் கழுத்தில் மூக்கை வைத்து மோந்தேன். சோப்பு வாடைதான். கயிற்றைப் பிடித்து நானே அழைத்துப் போனேன். அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், காதை மடக்கினாள். இதுவரை என்மேல் ஒரு சொட்டுப் படவிடாதவள், அன்றைக்கு என் முகம் முழுக்கப் பச்சையாக்கிவிட்டாள்.

"இவன் ஒடம்புல எண்ண வாட இல்லியே?" நாத்தனார் மாப்பிள்ளையை இரண்டு பக்கமும் மோந்து பார்த்தார்.

"இல்ல அண்ணி." சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

பெரியவர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

"போய் மொகத்தக் கழுவும்மா, நாறுது" என்றார் நாத்தனார்.

நான் கழுவவில்லை. மனிதர் மனம் மாறினால் காட்டுவதற்கு என்னிடம் வேறென்ன இருக்கிறது? காலி லாரி கேட்டைத் தாண்டித் திரும்பும்வரை அப்படியே நின்றேன்.