பலகையில் இருந்த தேதி

பேய், ஆவி, சாமியாடுவது எதையும் நான் நம்பியதில்லை. அப்படி ஏதாவது என் மேசைக்கு மனுவாக வந்திருந்தால், ஆதாரம் இணைக்கப்படவில்லை என்று திருப்பியிருப்பேன். பாலக்கோட்டுப் பக்கம் வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் எனக்கு அதுதான் வேலை. "மனு திருப்பப்படுகிறது. குறைகளைச் சரிசெய்து மீண்டும் சமர்ப்பிக்கவும்" என்று எழுதி, கீழே சுருக்கொப்பம் போட்டு, அதற்கும் கீழே தேதி போடுவேன். எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இதைச் சொல்லாவிட்டால் மேலே சொல்லப்போவது உங்களுக்குப் புரியாது. புரிந்த பிறகும் நம்பமாட்டீர்கள், அது வேறு விஷயம்.

நான்கு வருடங்களுக்கு முன் பெங்களூரில் இருக்கும் மகள் எங்கள் இருவருக்கும் அந்தமானில் ஒரு தீவு ரிசார்ட்டில் அறை போட்டுக்கொடுத்தாள். கூடவே ஸ்கூபா டைவிங். கடலுக்குள் இறங்கி மீன் பார்க்க வேண்டும் என்பது என் மனைவி வளர்மதியின் ஆசை. அக்வேரியத்தில் பார்த்தால் ஆகாதா என்று கேட்டுப் பார்த்தேன். எடுபடவில்லை.

அங்கே நிரப்பச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். இதய நோய் உண்டா, இதயத்தில் சிகிச்சை செய்ததுண்டா, உண்டு என்றால் மருத்துவர் சான்று இணைக்கவும். அதற்கு முந்தைய வருடம்தான் சேலத்தில் எனக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். சான்று வேண்டுமென்றால் கப்பல் ஏறிப் போர்ட் பிளேர் போய் வர வேண்டும், ஒரு நாள் போய்விடும். ஆயுள் முழுக்க மற்றவர்களைச் சான்றுக்கு அலையவிட்ட எனக்கு அன்றைக்கு அலுப்பாக இருந்தது. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

"ஏங்க, நெஞ்சுல வச்சத எழுதுனீங்களா?"

"எழுதாம இருப்பனா? எழுதிட்டேன். ஒண்ணும் ஆகாதுன்னாங்க."

"உங்களுக்குச் சொல்லணுமா என்ன. ஒரு கையெழுத்து இல்லைன்னு ஊரையே திருப்பி உட்ட ஆளு. ஆனா ஒண்ணு, நீங்க எறங்கலன்னா நானும் எறங்கமாட்டேன்."

பொய் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்தோம். "காத்தடிச்ச டியூப்பாட்டம் இருக்கீங்க" என்று சிரித்தாள். அவள்தான் முதலில் ஒரு பயிற்சியாளரோடு இறங்கினாள். அரை மணி நேரம் கழித்து மேலே வந்தவள், கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை. "போங்க, போய்ப் பாருங்க, மஞ்சக் கலர்ல கூட்டங் கூட்டமா வருதுங்க" என்று என்னை அனுப்பிவைத்தாள்.

என் பயிற்சியாளர் ஒரு வங்காளி, வாட்டசாட்டமான ஆள். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நீருக்குள் பேச முடியாதென்பதால் இடுப்பில் ஒரு வெள்ளைப் பலகையும் பென்சிலும் கட்டியிருந்தார். கொஞ்ச ஆழத்தில் அதில் 'OK?' என்று எழுதிக் காட்டினார். நான் தலையாட்டினேன். இன்னும் இறங்கினோம். வலி இல்லை, மூச்சுத்திணறல் இல்லை, மஞ்சள் மீன்கள்கூட வந்தன.

மறுபடி பலகையை நீட்டினார். அதே 'OK?'தான் என்று வாங்கிப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள். அதில் தமிழில் எழுதியிருந்தது. மனு திருப்பப்படுகிறது. குறைகளைச் சரிசெய்து மீண்டும் சமர்ப்பிக்கவும். கீழே சுருக்கொப்பம், என்னுடையது, கடைசிச் சுழி உட்பட. கையெழுத்தும் என்னுடையதுதான், ஆனால் இப்போதையது இல்லை. இப்போது என் கை நடுங்கும். அது முப்பது வயதில் எழுதிய, ஆணி அடித்தாற்போன்ற எழுத்து.

கட்டைவிரலை மேலே காட்டினேன். நீருக்குள் அதற்கு 'மேலே போகலாம்' என்று பொருள். அவர் ஏன் என்று கேட்கவில்லை, கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

படகில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல் வந்தது. ஆக்சிஜன் வைத்துத் தீவு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். "நீருக்குள் இருக்கும்போது வந்திருந்தால் உங்களைப் பற்றி நான் வேறு பாரம் நிரப்பியிருப்பேன்" என்றார் மருத்துவர். என் ரகத்து ஆள்.

வளர்மதி ரிசார்ட்டில் அந்தப் பாரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். சண்டை போடவில்லை. "பொய் சொல்லத் தெரியாத மனுஷன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தனே" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கும்வரை பேச்சில்லை. மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் கையில் வைத்தாள்.

பயிற்சியாளர் 'OK?' தவிர எதுவும் எழுதவில்லை என்று சத்தியம் செய்தார். ரிசார்ட்காரர்கள் நீருக்குள் எடுத்துக் கொடுத்த வீடியோவில் பலகையின் முதுகுப்பக்கம்தான் தெரிகிறது. நான் அதைக் கண்ணருகே பிடித்து, அலுவலகத்தில் செய்வதுபோல வரிக்கு வரி விரலை ஓட்டிப் படிக்கிறேன். 'OK?' என்பதைப் படிக்க யாருக்கும் இரண்டு வரி விரல் ஓட்ட வேண்டியதில்லை. பயத்தில் மூளை செய்த வேலை என்று மகள் சொல்கிறாள். இருக்கலாம். நானும் அப்படித்தான் எழுதி இந்தக் கோப்பை முடித்திருப்பேன்.

வளர்மதியிடம் பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒன்றைத் தவிர. சுருக்கொப்பத்துக்குக் கீழே தேதி இருந்தது. அது அன்றைய தேதி இல்லை. நாளும் மாதமும் தெளிவாகத் தெரிந்தன. வருடத்தின் மேல் என் கட்டைவிரல் இருந்தது, எடுத்துப் பார்த்தபோது பென்சில் எழுத்து அழிந்துபோயிருந்தது.

ஒவ்வொரு தை பிறக்கும் முன்பும் வீட்டுக்குப் புதுக் காலண்டர் வரும். முதல் வேலையாக அந்த ஒரு தாளைப் புரட்டிப் பார்ப்பேன்.

"யாருக்குங்க முகூர்த்தம் பாக்குறீங்க?" என்பாள்.

இந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமை வருகிறது. விடுமுறை நாளில் எந்த மனுவும் எடுக்கப்படாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.