அவனை மட்டும் கூப்பிடாத குரல்

அந்தக் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு தரம் அந்தக் குரல் கேட்கும். பின்னாலிருந்து யாரோ கூப்பிடுவார்கள். திரும்பினால் ஆள் இருக்காது. ஆனால் திரும்பிய நேரத்தில் உயிர் தப்பியிருக்கும். அப்பா புதுக் கட்டடம் ஒன்றின் ஓரமாக நடந்தபோது குரல் கேட்டு நின்றார். காலுக்கு முன்னால் கலவைச் சட்டி வந்து விழுந்தது. அத்தை ஈரக் கையோடு சுவிட்சைத் தொடப் போனபோது கேட்டது. அதில் கரண்ட் கசிந்துகொண்டிருந்ததை எலக்ட்ரீசியன் பிறகு வந்து சொன்னான். பஸ் ஓட்டும் அண்ணன் டிப்போ வாசலில் ரோட்டைத் தாண்டக் காலெடுத்தபோது கேட்டது. பிரேக் போன லாரி ஒன்று மூக்கை உரசாத குறையாகப் போனது.

தகரத்துக்கு மட்டும் கேட்கவில்லை.

தகரம் என்பது தொழிலால் ஒட்டிக்கொண்ட பெயர். பெரிய கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் செய்யும் பட்டறையில் தகடு வெட்டி, மடித்து, சுத்தியலால் தட்டுவது அவன் வேலை. தட்டித் தட்டியே இடது காது பாதி போய்விட்டது. அதுதான் அவனை அரித்தது. குரல் வந்து, தனக்குத்தான் கேட்காமல் போயிருந்தால்? இனிமேல் வந்தாலும் கேட்காவிட்டால்? செத்துத் தொலைய வேண்டியதுதான். அதனால் தெருவில் நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பான். "யாருண்ணே துரத்துறது, போலீஸா பொண்டாட்டியா?" என்று பட்டறையே சிரிக்கும்.

பொண்டாட்டி அதற்கும் மேல். "சமையல்கட்டுலேர்ந்து நான் கத்துறதே உங்களுக்குக் கேக்கல. ஆளில்லாத குரல் கேக்கப் போகுதாக்கும்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொறுக்க முடியாமல் அண்ணன் வீட்டுக்குப் போனான். அண்ணன் ஆடுகிற நாற்காலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அந்தக் குரல் உங்களுக்கு எந்தக் காதுல கேட்டுச்சு? வலதா, இடதா?"

"காதுல என்னடா வலது இடது? முதுகுக்கு நேர் பின்னால. நீ வந்துட்டேன்னு நெனச்சுத்தானே திரும்பினேன்."

"நானா?"

"பின்னே? 'அண்ணே'ன்னு உன் குரல். அந்தத் தொண்டை வேற எவனுக்கு இருக்கு? கிழிஞ்ச தகரம் மாதிரி."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே!"

"நீ கேட்டியா? சொல்லியிருந்தா, 'நான்தான் காப்பாத்தினேன்'னு தலைமேல ஏறி உக்காந்திருப்பே."

அத்தையின் கையில் துண்டு பாதி மடிப்பில் நின்றது. "டேய், எனக்குக் கேட்டது உங்க சித்தப்பன் குரல்டா. 'அக்கா'ன்னான். உங்கப்பனும் அவன் குரல்தான்னு சொல்லுவான்."

செருப்புக் கடை வைத்திருந்த சித்தப்பா போன வருஷம்தான் இறந்துபோனார். வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை. தகரமும் கடைசிப் பிள்ளைதான்.

"சித்தப்பாவுக்குக் கேட்டுச்சா அத்தை?"

"அவனுக்கெங்க? 'என்னை ஒருத்தனும் கூப்பிடல'ன்னு கடைசி வரைக்கும் புலம்பினான். ஆனா ஒரு கீறல் பட்டதில்ல. தூக்கத்துலயே போனான், புண்ணியவான்."

தகரம் ஆணி டப்பாவை அண்ணன் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"அண்ணே, அன்னிக்கு அந்நேரம் நான் பட்டறையில தகடு தட்டிக்கிட்டு இருந்திருப்பேன். உங்கள நெனச்சதாகூட ஞாபகம் இல்ல."

"அதுக்கு நான் என்னடா பண்றது? உன் குரல், நீதான் கணக்குச் சொல்லணும்" என்று அண்ணன் அடுத்த ஆணியை எடுத்தார்.

மறுநாள் மத்தியானம் பட்டறையில் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். தகரம் போகவில்லை. ஆளுயரத்தைவிட நீளமான காற்றுக் குழாய் ஒன்று தரையில் கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்து அதற்குள் தலையை விட்டான்.

"அண்ணே!"

குரல் குழாயெல்லாம் அதிர்ந்து அவனிடமே திரும்பி வந்தது. கிழிந்த தகரமேதான். அண்ணன் பொய் சொல்லவில்லை. உடனே போனைப் போட்டான்.

"அண்ணே, இப்ப ஏதாவது கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலையே. ஏன்டா?"

"ரோட்டுல கீட்டுல நிக்கலையே?"

"நைட் டூட்டி முடிஞ்சு கட்டில்ல கெடக்கேன். வைடா போனை!"

ஆபத்து இல்லையென்றால் போய்ச் சேராது போலிருக்கிறது. அப்படியானால் போகிற நேரத்தில் அதை அனுப்புவது யார்? வாய் தன்னுடையது, குரல் தன்னுடையது. விஷயம் மட்டும் தனக்குத் தெரியாது. நல்ல கூத்து.

அன்று சாயங்காலம் வீடு போய்ச் சேரும்வரை அவன் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் தொண்டையை மட்டும் இரண்டு தரம் செருமிச் சரிபார்த்துக்கொண்டான்.