ஃபில்டரில் சிவப்புத் தேதி

சூர்யநாராயணன் தன் காரைத் தானே சர்வீஸ் செய்கிறவர் என்பது பீர்க்கன்கரணையில் அவர் குடியிருக்கும் தெருவுக்கே தெரியும். தெரியாமல் இருக்க அவர் யாரையும் விட்டதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், பழைய கைலியும் பனியனுமாக வாசலுக்கு வந்துவிடுவார். முன் சக்கரங்கள் இரண்டையும் மரச்சரிவில் ஏற்றி, பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, அடியில் பாயை விரித்துப் படுத்தாரென்றால், போகிறவர் வருகிறவர்களுக்கு அவருடைய இரண்டு கால்கள்தான் தெரியும். அந்தக் கால்கள் ஓயாமல் பேசும்.

"இதுக்குப் போய் சர்வீஸ் சென்டர்ல விட்டு ஏமாறுறீங்களே, ஜெயகிருஷ்ணன்! ஒரு ஸ்பேனர், ஒரு பேசின், ஒரு மணி நேரம். அவ்வளவுதான் சார் விஷயம்."

ஜெயகிருஷ்ணன் எதிர்வீட்டுக்காரர், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். இந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆனாலும் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டுவார்.

மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சூர்யநாராயணனுக்குத் தரப் பரிசோதனை வேலை. இருபத்தாறு வருஷமாக, அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வரும். ரோஹிணி வைத்த ரசத்தைக்கூட அவர் ஒருவாய் குடித்து, யோசித்து, பிறகுதான் சாதத்தில் ஊற்றுவார். கார் வாங்கிய புதிதில், சர்வீஸுக்கு விடும்முன் ஆயில் ஃபில்டரில் மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் யாருக்கும் தெரியாமல் ஒரு புள்ளி வைத்து அனுப்பினார். மாற்றிவிட்டோம் என்று சொல்லி அவர்கள் திருப்பித் தந்த காரில் அந்தப் புள்ளி அப்படியே இருந்தது. அன்றைக்கு அங்கே நின்று அவர் போட்ட சத்தத்தை இன்றும் பெருமையாகச் சொல்வார். அன்றிலிருந்து எல்லாம் சொந்தக் கைவேலைதான். புதிதாக மாட்டும் ஒவ்வொரு ஃபில்டரிலும் அதே நகப்பூச்சால் தேதியை எழுதி வைப்பார். ரோஹிணி ஒரு பாட்டில் வாங்கினால் பாதி அவள் விரலுக்கு, மீதி காருக்கு.

சரி, வடித்த பழைய ஆயில்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அவர் வீட்டுக்கும் சாமுண்டீஸ்வரி அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு காலி மனை. சொந்தக்காரர் எந்த ஊரில் இருக்கிறாரோ, யாரும் பார்த்ததில்லை. மனை நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்தில் வருஷம் முழுக்கத் தண்ணீர், தண்ணீர் முழுக்கக் கொசு. மூன்று லிட்டர் கறுப்பு ஆயிலையும் சூர்யநாராயணன் இருட்டியபின் அதில் ஊற்றிவிட்டு, கழற்றிய ஃபில்டரையும் கூடவே வீசிவிடுவார். மேலே எண்ணெய் படர்ந்தால் கொசுப்புழு செத்துப்போகும். மனைக்காரர் காதுக்குப் போய்விடக்கூடாது என்று அதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. தெருவுக்குச் சேவை செய்வதாகத்தான் நினைத்தார். ஒன்பது வருஷமாக அந்தச் சேவை நடந்தது.

அதைப் பார்த்த ஒரே ஆள் வேண்டாம் என்றான். தெருமுனையில் டூ வீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பிரிட்டோ.

"சார், அத்த அங்க ஊத்தாத சார். நம்ம கடைல ட்ரம் கீது. மாசம் ஒருக்கா வண்டி வந்து எடுத்துக்கினு பூடும். எங்கிட்ட குடுத்துடு."

"ஏம்ப்பா, அதையும் வித்துக் காசு பாக்கணுமா உனக்கு?" என்றார் சூர்யநாராயணன். பிரிட்டோ சிரித்துவிட்டுப் போனான். நல்ல பதில் கொடுத்தோம் என்று அன்று மாலைவரை அவருக்கு ஒரே குஷி.

இந்த வருஷமும் ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிறு சர்வீஸ் முடிந்தது. காருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பள்ளத்துக்கு ஆயில் படைத்தாயிற்று. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியதில் ஏரி நிரம்பி, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். காலி மனைத் தண்ணீர் மேடேறி, சாமுண்டீஸ்வரி அக்காவின் கிணற்றுக்குள் தாழ்வான கைப்பிடிச்சுவரைத் தாண்டி இறங்கியது.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் குடும்பம் ஊரின் பழைய குடும்பம். நிலமெல்லாம் மனையாகிவிட்டது, கிணறு மட்டும் அப்படியே மிஞ்சியது. தெருவில் எல்லார் வீட்டு போர் தண்ணீரும் உப்பு. பருப்பு வேகவேண்டுமென்றால் அக்கா கிணற்றுத் தண்ணீர்தான். யாரும் கேட்காமலே எடுத்துப் போகலாம். கேட்டால்தான் அவளுக்குக் கோபம் வரும்.

வெள்ளம் வடிந்த மறுநாள் அக்கா இறைத்த முதல் வாளியின் மேல் மயில் கழுத்து நிறத்தில் எண்ணெய் படலம் மிதந்தது. தெரு கூடிவிட்டது. சூர்யநாராயணன் குனிந்து மோந்து பார்த்தார். தினமும் ஆயில் வாசனையில் வேலை பார்க்கிற மூக்கு அது. குனிந்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பிரிட்டோ கடைதான், வேற யாரு?" என்றார் ஜெயகிருஷ்ணன். "கடைக்குள்ளயும் தண்ணி பூந்துச்சே, ட்ரம் சாஞ்சிருக்கும்."

சூர்யநாராயணன் வாளியிலிருந்து நிமிர்ந்து வேறு பக்கம் பார்த்தார். மூன்று லிட்டர் ஆயில் ஒரு கிணற்றை என்ன செய்துவிடும் என்று தனக்குத்தானே வாதாடினார். ஒன்பது வருஷ மூன்று லிட்டரைக் கூட்டிப் பார்க்க மட்டும் அவர் மனம் ஒப்பவில்லை.

கடையைத் தெருவிலிருந்து அகற்றச் சொல்லி மாநகராட்சிக்கு மனு கொடுப்பது என்று சங்கம் முடிவு செய்தது. தெருவில் நன்றாக எழுதத் தெரிந்தவர் யார்? சூர்யநாராயணன். மறுக்கலாம்தான். மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்து எழுதி முடித்தார். 'கழிவு எண்ணெயைச் சற்றும் பொறுப்பின்றித் திறந்த வெளியில் கொட்டி, பலர் உண்ணும் நீரைக் கெடுத்து, எச்சரித்தும் திருந்தாத மேற்படி நபர்' என்று ஒரு வரி வந்து விழுந்தது. ஜெயகிருஷ்ணன் படித்துவிட்டு, "பிரமாதம் சார்" என்றார். சூர்யநாராயணனுக்குக் கேட்கக் கூசியது. ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் காலை பிரிட்டோ அவர் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"சார், நம்ம ட்ரம் சாயல. வந்து பாரு சார், மூடி போட்டபடியே கீது. இந்தக் கடைய வுட்டா எனக்கு வேற இன்னா தெரியும்? நான் சொன்னா இங்க எடுபடாது. நீ ஒரு வார்த்த சொல்லு சார்."

யார் ஊற்றினார்கள் என்று அவன் சொல்லவில்லை. அது அவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"பாக்கலாம்ப்பா" என்றார் சூர்யநாராயணன். கேட்டைத் திறக்கக்கூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிணற்றை இறைத்துத் தூர் வாருவதென்று ஏற்பாடு. கையெழுத்தையும் அங்கேயே வாங்கிவிடலாம் என்று ஜெயகிருஷ்ணன் மனுவை ஒரு அட்டையில் செருகிக்கொண்டு வந்திருந்தார். முதல் கையெழுத்து சூர்யநாராயணனுடையது. தண்ணீர் இறைக்க மோட்டார் கொண்டுவந்தவன் பிரிட்டோ. கடையை எடுக்கச் சொல்லும் காகிதம் ஒருபக்கம் கைமாறிக்கொண்டிருக்க, அவன் மறுபக்கம் குழாயை மாட்டிக்கொண்டிருந்தான். சூர்யநாராயணனால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

காலி மனைத் தண்ணீர் மறுபடி வராதிருக்க இரண்டு ஆட்கள் பள்ளத்திலிருந்து தெருக் கால்வாய்க்கு வழி வெட்டினார்கள். ஒரு மண்வெட்டியில் ஏதோ டங்கென்று தட்டியது. சேற்றோடு ஒரு தகர டப்பா வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக ஐந்தாறு.

"பாத்தியா! கடைக் குப்பையெல்லாம் இங்கதான் போட்டுக்கீறான்" என்று கத்தினாள் சாமுண்டீஸ்வரி அக்கா.

பிரிட்டோ ஒன்றை எடுத்தான். "அக்கா, இது கார் ஃபில்டர். நம்ம கடைல டூ வீலர் மட்டுந்தான்." சொல்லிக்கொண்டே கட்டை விரலால் சேற்றைத் துடைத்தான். துடைத்த இடத்தில் சிவப்பாக எழுத்து தெரிந்தது. அவன் விரல் நின்றது. நிமிர்ந்து சூர்யநாராயணனைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

அந்த நேரத்தில் அவர் சொல்லியிருக்கலாம். என்னுடையது என்று ஒரே வார்த்தை. தாராளமாகச் சொல்ல அவகாசம் இருந்தது. பிரிட்டோ அதற்காகத்தான் காத்திருந்தான். சூர்யநாராயணன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "மோட்டார்ல காத்து வாங்குது போல" என்றார்.

வேலையாட்களுக்குக் காபி கொண்டுவந்த ரோஹிணி தட்டைக் கைப்பிடிச்சுவரில் வைத்துவிட்டு அந்த ஃபில்டரை வாங்கினாள். தேதியைப் படித்தாள். அடுத்ததையும் எடுத்துப் படித்தாள். அவள் காது மடல் சிவந்துவிட்டது.

"இது என் நெயில் பாலிஷ்" என்றாள். "இவர்தான் எழுதுவார். எங்க காரோடது அக்கா."

யாராவது திட்டியிருந்தால் சூர்யநாராயணனுக்கு நன்றாக இருந்திருக்கும். ஜெயகிருஷ்ணன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாமுண்டீஸ்வரி அக்கா அவர் கையிலிருந்த அட்டையை வாங்கி, மனுவை உருவி, சூர்யநாராயணனிடம் நீட்டினாள். இத்தனை வருஷமாக வாங்க சார், போங்க சார் என்றவள்.

"எழுத்து முத்து முத்தா கீது. பேர மட்டும் மாத்தி எழுதிக்கினு வா."

அவர் வீட்டுக்குப் போய் வேறு தாளில் எழுதினார். பிரிட்டோ என்று இருந்த இடத்தில் தன் பெயரை எழுதினார். தெருமுனைக் கடை என்று இருந்த இடத்தில் தன் வீட்டு எண்ணை எழுதினார். வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. 'எச்சரித்தும் திருந்தாத' என்பதுகூட அப்படியே பொருந்தியது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அக்கா அந்த மனுவை எங்கும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் சூர்யநாராயணன் அபராதத்தைக் கட்டித் தொலைத்திருப்பார். அது அவள் வீட்டுக் காலண்டர் ஆணியில் மாட்டியிருக்கிறது. கிணறு இன்னும் தெளியவில்லை. அவள் வீட்டுக்கு நாள்தோறும் இரண்டு கேன் தண்ணீரைச் சூர்யநாராயணன்தான் தூக்கிக்கொண்டு போகிறார். ஒவ்வொரு முறையும் அந்த ஆணி கண்ணில் படும். ரோஹிணி நகப்பூச்சு போடுவதை விட்டுவிட்டாள்.

சித்திரையில் மறுபடி சர்வீஸ் வந்தது. இந்தத் தடவை காருக்கடியில் கிடந்த கால்கள் பேசவில்லை. முடித்ததும் பழைய ஆயிலைக் கேனில் ஊற்றி, கழற்றிய ஃபில்டரைப் பையில் போட்டு, பட்டப்பகலில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். பிரிட்டோ ட்ரம் மூடியைத் திறந்துவிட்டான். அவர் ஊற்றி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டான். பிறகு பையிலிருந்து ஃபில்டரை எடுத்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அதில் அக்டோபர் தேதி சிவப்பாக இருந்தது.

"புதுசுலயும் தேதி போட்டுட்டியா சார்?"

இல்லை என்று தலையசைத்தார்.

"போட்டுடு சார். எப்ப மாத்துனோம்னு தெரியணும்ல."

அவன் கேலியாகக் கேட்கவில்லை. கேலியாகக் கேட்டிருந்தால் சூர்யநாராயணனால் ஏதாவது பதில் சொல்லியிருக்க முடியும்.